இணையவழி மருத்துவமும் நோயாளரின் இசைவும்

மருத்துவரும் நோயாளரும் நேரில் சந்திக்காமல் கணினி அல்லது கைப்பேசியின் வழியே நிகழ்த்தும் ஆலோசனை, மருந்துச் சீட்டு வழங்கல், பரிசோதனை முடிவுகளைப் பார்த்துக் கருத்துரைத்தல், நாட்பட்ட நோய்களைத் தொடர்ந்து கண்காணித்தல் ஆகிய அனைத்தும் இணையவழி மருத்துவ சேவை என்னும் ஒரே பெயருக்குள் இன்று அடக்கப்படுகின்றன. இந்தியாவுக்கு இது புதியதன்று. ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரில் அப்போலோ குழுமம் 2000ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவ மையம் ஒன்றைத் திறந்தது. அடுத்த ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவ்வூரைச் சென்னையோடு செயற்கைக்கோள் வழியே இணைத்துத் தன் தொலைமருத்துவ முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும், அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் இச்சேவை ஆங்காங்கே நிகழ்ந்த முயற்சியாகவே இருந்ததேயன்றி, உடல்நலம் குன்றியவர் இயல்பாக நாடும் வழியாக ஆகிவிடவில்லை. கருவி இருந்தும் மக்கள் கை நீளாத இந்த இடைவெளியே, நோயாளரின் இசைவு எதனால் உருவாகிறது, எதனால் தடைப்படுகிறது என்னும் வினாவை ஆய்வுக்குரியதாக்குகிறது.

இவ்வினாவை எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு கோட்பாடுகளின் மேல் நிற்கின்றன. முதலாவது, ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு கருவி தமக்குப் பயன்படும் என்னும் எண்ணமும், அதைக் கையாள்வது எளிது என்னும் எண்ணமும் சேர்ந்தே அதைப் பயன்படுத்தும் நாட்டத்தைத் தோற்றுவிக்கின்றன என்பது அதன் சாரம். இரண்டாவது, வெங்கடேஷ், மாரிஸ், டேவிஸ் முதலியோர் 2003இல் முன்வைத்த ஒருங்கிணைந்த கோட்பாடு. இது எதிர்பார்க்கும் பயன், எதிர்பார்க்கும் உழைப்பு என்னும் இரண்டோடு, சுற்றியிருப்போரின் தூண்டுதலையும் தேவையான வசதிகள் வாய்த்திருப்பதையும் சேர்த்துக்கொண்டு, வயது, பாலினம், முன்பயிற்சி ஆகியவை இவற்றின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்று காட்டியது. இரண்டும் பெரும் பயன் விளைத்த கோட்பாடுகளே; எனினும், அவை அலுவலகத்தில் புதிய மென்பொருளைக் கையாளும் ஊழியரை மனத்தில் வைத்து உருவானவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கும், கணக்குப்பதிவு மென்பொருளை முதன்முறை திறக்கும் எழுத்தருக்கும் பொதுவானவை சில உண்டு. ஆனால் முடிவை நிர்ணயிப்பவை அப்பொதுக்கூறுகள் அல்ல.

மருத்துவத்தை ஏனைய சேவைகளிலிருந்து பிரித்துக் காட்டும் கூறு எது என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரை தெளிவுபடுத்துகிறது: நோய் எப்போது வரும் என்பதும் சிகிச்சை பலிக்குமா என்பதும் நிச்சயமற்றவை; வாங்குபவரைவிட விற்பவருக்கே பொருளைப் பற்றி மிகுதியாகத் தெரியும்; ஆகவே இச்சந்தை நம்பிக்கையின்றி இயங்காது. பத்தாண்டு கழித்து டார்பியும் கார்னியும் இன்னொரு படி சென்று, பயன்படுத்திய பின்னரும் தரத்தை அறுதியிட முடியாத பண்டங்களை 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று வகைப்படுத்தினர். உணவு விடுதியில் உண்டவர்க்குச் சுவை தெரிந்துவிடும். ஆனால் வயிற்றுவலிக்கு மருந்துண்டு குணமானவர்க்கு, மருந்தால் குணமானதா, தானாகவே தணிந்ததா என்பது தெரியாது. அத்தகைய பண்டத்தைத் திரைக்கு அப்பால் இருக்கும் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து பெறுவதென்றால், செயலி எளிதாக இருக்கிறதா என்பதைவிட, பேசுகிறவர் யார் என்பதே நோயாளரின் முதற்கேள்வியாக அமையும். நம்பிக்கையின் கூறுகளாக மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் ஆகியோர் 1995இல் குறித்த திறமை, நல்லெண்ணம், நேர்மை என்னும் மூன்றில், திறமையைப் பட்டமும் பதிவெண்ணும் ஓரளவு காட்டிவிடும். நல்லெண்ணத்தைத் திரை எளிதில் காட்டுவதில்லை.

ஆய்வுமுறையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. இத்துறைக் கட்டுரைகளில் பல, 'வாய்ப்புக் கிடைத்தால் இச்சேவையைப் பயன்படுத்துவேன்' என்பது போன்ற கூற்றுக்கு 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிகளில் விடை பெற்று, அவ்விடைகளுக்கிடையே புள்ளியியல் தொடர்பு காண்பவை. இவை அளப்பது நாட்டத்தையே அன்றிப் பயன்பாட்டை அன்று. அதிலும் நலமாக இருக்கும் ஒருவர், நோயுற்ற தம்மைக் கற்பனை செய்துகொண்டு சொல்லும் நாட்டத்தை. இணைய வழியாகவே பரப்பப்படும் வினாத்தாளுக்கு இணையம் பழகியவர் மட்டுமே விடையளிக்க முடியும் என்பது இன்னொரு குறை. கொரோனாக் காலத்தில் திரட்டப்பட்ட தரவுகளுக்கோ, மருத்துவமனை வாசலே அச்சத்துக்குரியதாகி, தெரிவு செய்ய வேறு வழியே இல்லாத நிலையில் எழுந்த இசைவு என்னும் குறையும் சேர்ந்துகொள்கிறது. கட்டாயத்தில் பிறந்த பழக்கத்தை விருப்பம் என்று பெயரிட்டு, அடுத்த பத்தாண்டுக்கான சந்தைக் கணிப்பை அதன்மேல் எழுப்பிய நிறுவனங்கள் சில பின்னர் பட்ட இழப்புக்கு இவ்வகை ஆய்வுகளும் ஓரளவு பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

வினாத்தாளை விட்டு நடப்புக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இந்திய அரசின் நலத்துறைக்காக மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி என்னும் தளம் 2019 நவம்பரில் தொடங்கப்பட்டது. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோயாளர் தம் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் மருத்துவரை அழைக்கும் இணையவழிப் புறநோயாளிப் பிரிவு. பொதுமுடக்கத்தின்போது 2020 ஏப்ரலில் திறக்கப்பட்ட இவ்வழியில் அவ்வாண்டின் இறுதியில் தமிழ்நாடே நாட்டில் முன்னணியில் இருந்தது. மற்றொன்று, நோயாளர் தம் ஊருக்கு அருகிலுள்ள நலவாழ்வு மையத்துக்குச் சென்று, அங்குள்ள செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ உடனிருக்க, மாவட்டத் தலைநகரிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் மருத்துவரிடம் பேசும் வழி. 2023 பிப்ரவரியில் இத்தளத்தின் ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்தபோது, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நலவாழ்வு மையங்கள் அதில் இணைந்திருந்தன. ஆலோசனைகளில் மிகப் பெரும்பான்மை இரண்டாம் வழியில் நடந்தவை. பயன்பெற்றோரில் 57 விழுக்காட்டினருக்கு மேல் பெண்கள் என்றும் 12 விழுக்காட்டினர் அளவில் முதியோர் என்றும் அரசு அப்போது தெரிவித்தது.

இந்த 57 விழுக்காட்டைத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று தரும் எண்களோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2019-21இல் நடத்தப்பட்ட அவ்வாய்வின்படி, இந்தியாவில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு மட்டுமே. தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் 54 விழுக்காட்டினர். முற்கூறிய கோட்பாடுகளின்படி, கருவிப் பழக்கமும் வசதியும் குறைந்த இத்தரப்பினர் இணையவழி மருத்துவத்தில் பின்தங்கியிருக்க வேண்டும். நடப்பில் அவர்களே பெரும்பான்மையினர். பகற்பொழுதில் நலவாழ்வு மையத்துக்கு வருவோரில் கர்ப்பிணிகளும் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் தாய்மாரும் மிகுதி என்பதும், ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது என்பதும் இதற்கு ஒரு விளக்கம். அதனினும் அடிப்படையான விளக்கம், அவர்கள் எந்தக் கருவியையும் ஏற்கவேண்டிய தேவையே எழவில்லை என்பதாகும். கடவுச்சொல்லை நினைவிற்கொள்வதும், இணைப்பு அறுந்தால் மீட்பதும், இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வதும் செவிலியரின் பணி. பெண் செய்தது, ஏற்கெனவே நம்பும் ஒருவரோடு உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பேசியது மட்டுமே. கருவுற்ற நாளிலிருந்து தம்மைப் பெயர் சொல்லி அழைத்துவரும் கிராம சுகாதார செவிலியர் 'இவங்ககிட்ட சொல்லும்மா' என்றவுடன், அவர்மேல் உள்ள நம்பிக்கை திரையிலுள்ள அயலார்க்கு இடம் மாறுகிறது. இதனை ஆய்வாளர் நம்பிக்கைப் பெயர்ச்சி என்பர். நோயாளர் இசைவு என்று தனிமனிதர் ஒருவரின் மனநிலையாக அளக்கப்படுவது, உண்மையில் இருவருக்கிடையே முன்னரே இருந்த உறவின் விளைவு என்பதே இவ்வுரை வலியுறுத்த விழையும் கருத்து.

இதே முடிவுக்கு, இ-சஞ்சீவனிக்கு வெகு முன்பே வேறு வழியில் வந்து சேர்ந்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் நிறுவிய அம்மருத்துவமனை, ஊர்தோறும் முகாம் நடத்திப் புகழ்பெற்றது. எனினும் முகாமுக்கு வருவோர், கண்ணில் குறையுள்ளவரில் ஒரு சிறு பகுதியினரே என்பதை உணர்ந்து, 2004 முதல் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. தேனிப் பகுதியின் மையங்களை நெடுந்தூர வைஃபை வழியே மருத்துவமனையோடு இணைக்கும் பணியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணைநின்றனர். அங்கே நோயாளரை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தே தேர்ந்து பயிற்சியளிக்கப்பட்ட பெண் பணியாளர். அவர் பார்வையை அளந்து, பிளவு விளக்கால் கண்ணைச் சோதித்து, தம் குறிப்பையும் படத்தையும் அனுப்பிய பிறகே, மருத்துவர் திரையில் தோன்றிச் சில நிமிடம் உரையாடி முடிவு சொல்கிறார். வந்தவரில் பலருக்குத் தேவைப்படுவது கண்ணாடி. அதுவும் அம்மையத்திலேயே கிடைக்கும். பேச்சோடு முடியாமல், கையில் ஏதோ ஒன்றைப் பெற்று வீடு திரும்புதல் நோயாளரின் நிறைவுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அரவிந்த் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது எனலாம்.

கையால் தொடுவது பற்றிய எதிர்பார்ப்பும் இவ்விடத்தில் கருதத்தக்கது. நாடி பிடித்தல், வயிற்றை அமுக்கிப் பார்த்தல், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தல் ஆகியவை நோயறியும் வழிகள் மட்டுமல்ல; தம் உடலை ஒருவர் பொருட்படுத்தினார் என்பதற்கு நோயாளர் கொள்ளும் சான்றுகளும் ஆகும். கைராசிக்காரர் என்று பெயரெடுத்த மருத்துவரைத் தேடி மூன்று பேருந்து மாறிச் செல்வோரும், ஊசி போடாத டாக்டரிடம் போவதில் பயனில்லை என்போரும் இன்றும் உளர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் குடல்வால் அழற்சியைக் கை வைத்துப் பாராமல் ஐயுறுவது கடினம் என்னும் அளவில் நோயாளரின் தயக்கம் மருத்துவத்துக்கு இசைவானதே. கண், தோல், மனநலம், நீரிழிவுத் தொடர்கவனிப்பு ஆகியவற்றில் இணையவழி விரைந்து வேரூன்றியதும், வயிறு, நெஞ்சு சார்ந்த புதிய துன்பங்களில் தயங்கியே நடப்பதும் தற்செயல் அல்ல.

முதற்சந்திப்புக்கும் மறுசந்திப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்தே பிறக்கிறது. 2018 ஜூலையில் சீன அரசு வகுத்த விதிகள், இணையவழியில் முதன்முறை நோயறிதலுக்கு இடந்தராமல், ஏற்கெனவே கண்டறியப்பட்ட பொதுவான நோய்கள், நாட்பட்ட நோய்கள் ஆகியவற்றின் மறுசந்திப்பையே அனுமதித்தன. இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. அதே 2018இல் மும்பை உயர்நீதிமன்றம், நேரில் பாராமல் தொலைபேசியில் மருந்து கூறிய மருத்துவர் தொடர்பான வழக்கொன்றில் கடுமையான நிலைப்பாடு எடுத்தபின், தொலைமருத்துவம் சட்டப்படி செல்லுமா என்னும் ஐயம் மருத்துவரிடையே பரவியிருந்தது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டி அவ்வையத்தை நீக்கியது. எழுத்து, குரல், காட்சி ஆகிய மூவழியும் செல்லும், முதற்சந்திப்பும் கூடும், ஆனால் மருந்துகள் பட்டியலிடப்பட்டு, சில எவ்வழியிலும், சில முதன்முறை காட்சி வழியில் மட்டும், சில மறுசந்திப்பில் மட்டும் எழுதத்தக்கன எனவும், போதைப்பண்பு கொண்ட மருந்துகள் அறவே எழுதத்தகாதன எனவும் வரையறுக்கப்பட்டன. மருத்துவர் தம் பதிவெண்ணைச் சீட்டில் குறிக்கவேண்டும். நோயாளர் தாமாக அழைத்தால் இசைவு தந்ததாகவே கொள்ளப்படும். நோயாளரின் விருப்பத்தை மட்டுமே ஆராய்வோர் மறந்துவிடும் ஒன்றை இவ்வரலாறு காட்டுகிறது: தம்மைச் சட்டம் காக்குமா என்று அறியாத மருத்துவர் திரையில் தயங்கித் தயங்கிப் பேசினால், அத்தயக்கம் நோயாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

செலவைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஆலோசனைக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. தினக்கூலி பெறுவோருக்கு மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் கூலி இழப்பும், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும், பேருந்துக் கட்டணமும், வெளியுணவும் சேர்ந்ததே மெய்யான செலவு. அதைக் குறைக்கும் எதையும் அவர் வரவேற்பார். ஆனால் அவர் முன் ஏற்கெனவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. தெருமுனையில் உள்ள மெடிக்கலில் 'ரெண்டு நாளா சளி, இருமல்' என்று சொன்னால், காத்திருப்பும் கட்டணமும் இன்றி மாத்திரை கிடைத்துவிடும். முறையற்றது என்று எல்லாரும் அறிந்த இவ்வழியே சிறு நோய்களில் இணையவழி மருத்துவத்துக்கு உண்மையான போட்டி, மருத்துவமனை அன்று. இன்னொரு புறம், தெரிந்த மருத்துவருக்கு இரத்தப் பரிசோதனை முடிவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'மாத்திரையைத் தொடரலாமா' என்று கேட்கும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத, பெரும்பாலும் கட்டணமும் பெறாத இதுவே இந்நாட்டின் மிகப் பரவலான இணையவழி மருத்துவம் என்று கருத இடமுண்டு. இவ்வளவு தாராளமாக இதைச் செய்யும் அதே மனிதர், விளம்பரம் செய்யும் செயலியில் முகமறியா மருத்துவருக்குக் கட்டணம் செலுத்தத் தயங்குகிறார் என்றால், அவருக்குத் தொழில்நுட்ப அச்சம் என்று முடிவுகட்டுவது பொருந்தாது.

இவ்வளவும் அறிமுகமான முகத்தின் வலிமையைக் காட்டுகின்றன. அதே முகம் தடையாகும் இடமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் வாதம் பாதியாகும். 2022 அக்டோபரில் தேசிய அளவில் டெலி-மானஸ் என்னும் பெயரிலும் தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரிலும் 14416 என்னும் எண்ணில் தொடங்கப்பட்ட மனநலச் சேவையை அழைப்பவர் நாடுவது, தம்மை அறியாத ஒருவரை. மனச்சோர்வு, குடிப்பழக்கம், பால்வினை நோய், மணமாகாத பெண்ணின் மாதவிடாய்த் தவறல் போன்றவற்றில், செவிலியர் தம் தெருக்காரர் என்பதே அவரிடம் செல்லாமைக்குக் காரணம். மறைவடக்கம் பற்றிய ஆய்வுகள் தரவுக் கசிவையே முதன்மைப்படுத்துகின்றன. அந்த அச்சம் வெற்றச்சம் அன்று: பின்லாந்தில் வஸ்தாமோ என்னும் உளசிகிச்சை நிறுவனத்தின் ஆவணங்கள் களவாடப்பட்டு, 2020இல் நோயாளர்க்கே நேராக மிரட்டல் கடிதங்கள் சென்றன, 30,000க்கும் மேற்பட்டோரின் அந்தரங்கம் பணயமானது. இந்தியாவில் 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி அமைப்பு தாக்குதலுக்குள்ளாகிப் பல நாள் முடங்கியது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. ஆயினும், ஒரே கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும் வீட்டில் ஒரு பெண் அஞ்சுவது முகமறியாத் திருடனை அன்று. அழைப்புப் பட்டியலைப் பார்க்கும் கணவனையும், பக்கத்து அறையில் காதுகொடுத்திருக்கும் மாமியாரையும். மையத்தில் பேசினாலோ, பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருப்பவர். குறியாக்கம் எவ்வளவு வலிமையாயினும் இவ்வச்சத்தைத் தீர்க்காது; கதவுள்ள ஒரு சிறு அறை தீர்க்கக்கூடும்.

வயது பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. முதியோர் இணையவழி மருத்துவத்தை மறுப்பர் என்னும் முடிவு பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது; இலண்டனில் 2017இல் பேபிலான் நிறுவனம் தொடங்கிய கைப்பேசி வழி மருத்துவ சேவையில் பதிந்தோரில் இளைஞரே மிகுதி என்பதும் உண்மை. ஆனால் இங்கே முதியவரின் கைப்பேசியைப் பேரன் பிடித்திருப்பான். முற்கூறிய தொலைமருத்துவ வழிகாட்டியும் பராமரிப்பவர் வழியே ஆலோசனை பெறுவதற்கு இடந்தருகிறது. பேபிலான் 2023இல் நொடித்துப்போனது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். நாட்பட்ட நோய்க்கு மருத்துவரைத் தேடும் ஒருவர், அச்சேவை அடுத்த ஆண்டும் இருக்குமா என்று கேட்பதில் தவறென்ன?

நலவாழ்வு மையத்தின் செவிலியரே இச்சேவையின் மெய்யான வாயில் எனில், அவரைப் பற்றிய ஆய்வு பெருக வேண்டும். தடுப்பூசி, பிரசவப் பதிவு, வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல், நாள்தோறும் பல பதிவேடுகளில் விவரம் ஏற்றுதல் ஆகியவற்றுக்கிடையே, அழைப்பு இணையும்வரை காத்திருக்கும் நேரத்தையும் அவரே ஏற்கிறார். இலக்கு எண்ணை எட்டுவதற்காக மட்டும் நோயாளரைத் திரைமுன் உட்கார வைக்கும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை சில மாதங்களில் கரைந்துவிடும். ஆகவே இத்துறையில் இனி ஆய்வு மேற்கொள்வோர், நோயாளரின் இசைவைக் கேட்கும் வினாத்தாளோடு, செவிலியரின் இசைவையும் பணிச்சுமையையும் கேட்கும் வினாத்தாளையும் எடுத்துச் செல்ல வேண்டும். அரசும் ஆலோசனைகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் அறிவிக்காமல், ஒருமுறை பேசியவர்களில் எத்தனை பேர் தாமாக மறுமுறை வந்தனர் என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.